கூரைக்குள் பதித்த விளக்குகளும் மின் சிக்கனமும்

நம் நாட்டில் வீட்டு விளக்குகளில் மின்சாரத்தைச் சிக்கனப்படுத்துவதற்கு அரசு மேற்கொண்ட முயற்சிகளுள் மிகப் பெரியது, 2015 ஜனவரி 5-ஆம் நாள் தொடங்கப்பெற்ற ‘உஜாலா’ திட்டமாகும். இத்திட்டத்தின் கீழ் 36 கோடிக்கும் அதிகமான எல்.இ.டி. பல்புகள் வழங்கப்பட்டுள்ளன. எரிசக்தித் திறன் சேவை நிறுவனம் மொத்தமாகக் கொள்முதல் செய்ததன் விளைவாக, 2014-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் 310 ரூபாயாக இருந்த ஒரு பல்பின் கொள்முதல் விலை 2016-ல் 38 ரூபாயாக இறங்கியது. ஒரு புதிய தொழில்நுட்பத்தின் விலையை இவ்வளவு குறுகிய காலத்தில் இவ்வளவு தூரம் தாழ்த்திய அரசுக் கொள்முதல்கள் அதிகம் இல்லை எனலாம்.

இத்திட்டத்தால் ஆண்டுதோறும் 4,700 கோடிக்கும் மேற்பட்ட யூனிட்டுகள் மிச்சமாவதாக அதிகாரபூர்வமான மதிப்பீடு கூறுகிறது. இத்தொகையைப் பல்புகளின் எண்ணிக்கையால் வகுத்தால், பல்பு ஒன்றுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 130 யூனிட் வருகிறது. 60 வாட் பல்பை எடுத்துவிட்டு 9 வாட் எல்.இ.டி. பல்பை மாட்டினால் கிடைக்கும் மிச்சம் 51 வாட். அது நாளொன்றுக்கு ஏழு மணி நேரம் எரிந்தால்தான் 130 யூனிட் மிச்சமாகும். இக்கணக்கைக் குறை கூறுவது இங்கு நோக்கமன்று. எந்த ஒரு சேமிப்புக் கணக்கும் ‘பல்பு தொடர்ந்து எரிந்துகொண்டிருக்கிறது’ என்னும் அனுமானத்தின் மீதே நிற்கிறது என்பதை மாணவர்களும் அலுவலர்களும் மனத்தில் இருத்த வேண்டும் என்பதற்காகவே இதைக் குறிப்பிட்டோம்.

அந்த அனுமானம் மிகவும் தளர்ந்துபோகும் இடம் ஒன்று உண்டு. அதுவே உட்கூரைக்குள் பதிக்கப்படும் விளக்கு. நகரங்களில் கட்டப்படும் அடுக்குமாடி வீடுகளில், காங்கிரீட் தளத்திற்குக் கீழே ஜிப்சம் பலகையால் ‘ஃபால்ஸ் சீலிங்’ அமைத்து, அதில் வட்டமாகத் துளையிட்டு விளக்குகளைப் பொருத்துவது வழக்கமாகிவிட்டது. உஜாலா திட்டத்தின் பல்பு, திறந்த காற்றில் தொங்கும் சாதாரண ஹோல்டருக்கு உரியது. கூரைக்குள் பதித்த விளக்கு அப்படிப்பட்டதன்று. அங்கு பல்பு, ஹோல்டர், அதற்குப் பின்னுள்ள மின்கருவி, அதைச் சூழ்ந்த வெப்பம் ஆகிய நான்கும் சேர்ந்ததே விளக்கு. பல்பை மட்டும் மாற்றினால் போதும் என்று எண்ணுவோர் பலர் ஏமாற்றம் அடைகின்றனர்.

இக்கட்டுரையாளரும் அவ்வாறு ஏமாந்தவரே. தில்லியில் துவாரகாப் பகுதியிலுள்ள ஒரு கூட்டுறவுக் குடியிருப்பின் மேல்தளத்தில் அவரது வீடு உள்ளது. வரவேற்பறையின் உட்கூரையில் 50 வாட் ஹாலஜன் விளக்குகள் ஆறு இருந்தன. 2018-ல் அவற்றை எடுத்துவிட்டு, ஒவ்வொன்றும் 150 ரூபாய் விலையில் ஆறு 6 வாட் எல்.இ.டி. விளக்குகள் வாங்கப்பட்டன. வடிவம் பொருந்தியது, ஊசிகளும் பொருந்தின. ஆனால் முதல் நாளே இரண்டு விளக்குகள் சிமிட்டத் தொடங்கின. இரண்டாவது கோடைக்குள் நான்கு அணைந்துவிட்டன. “பழைய விளக்கு சூடாக இருந்தாலும் ஒழுங்காக எரிந்தது. இதைப் போய்ச் சிக்கனம் என்கிறீர்களே?” என்று இல்லத்தரசி கேட்ட கேள்விக்கு, எரிசக்திச் சேமிப்புச் சட்டம் 2001-ல் இயற்றப்பட்டது என்பது போன்ற விடைகள் பயன்படவில்லை.

எதை எடுத்துவிட்டு எதை மாட்டுகிறோம்?

அக்கேள்விக்கு விடை காணப் பொருளாதாரத்தின் துணையை நாடுவோம். நாள்தோறும் நான்கு மணி நேரம் விளக்கு எரிவதாகவும், ஒரு யூனிட் 6 ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 1,460 மணி நேரம் ஆகிறது.

50 வாட் ஹாலஜனுக்குப் பதிலாக 6 வாட் எல்.இ.டி. விளக்கை மாட்டினால் மிச்சம் 44 வாட். ஓராண்டில் 64 யூனிட், அதாவது ஏறத்தாழ 385 ரூபாய். எனவே 150 ரூபாய் விளக்கு ஐந்து மாதங்களுக்குள் தன் விலையை மீட்டுக் கொடுத்துவிடுகிறது. இரண்டாவது கோடையில் அணைந்துபோன விளக்குகளும்கூட நட்டத்தை உண்டாக்கவில்லை என்பதே உண்மை! வீட்டில் இதை எடுத்துரைத்தபோது எவரும் மகிழவில்லை என்பது வேறு செய்தி.

இப்போது 18 வாட் சி.எஃப்.எல். விளக்கை எடுத்துக்கொள்வோம். சோக்கில் வீணாவதையும் சேர்த்து அது 22 வாட் இழுப்பதாகக் கொள்ளலாம். அதன் இடத்தில் 9 வாட் எல்.இ.டி. வந்தால் மிச்சம் 13 வாட் மட்டுமே. ஓராண்டில் 19 யூனிட், அதாவது 114 ரூபாய். புதிய விளக்கின் விலை 250 ரூபாய் என்றால், அது இரண்டு ஆண்டுகளுக்கு மேல் உயிரோடிருந்தால்தான் முதல் திரும்பும். அதற்குள் அணைந்தால் குடும்பத்திற்கு நட்டம்.

மூன்றாவது நிலை, இன்று நகர வீடுகளில் பெரும்பாலும் காணப்படுவது. பழுதான எல்.இ.டி. விளக்கின் இடத்தில் மற்றோர் எல்.இ.டி. விளக்கை மாட்டும்போது மின்சார மிச்சம் ஏறக்குறையப் பூஜ்யம். அங்கு விளக்கின் ஆயுள் ஒன்றே பொருளாதாரம். ஹாலஜன் காலத்தில் ஆயுளைப் பொருட்படுத்தாமல் வாங்கினாலும் கணக்கு சரியாக வந்தது. இனி அது வராது. ஆகவே, ‘எத்தனை வாட்?’ என்பதோடு ‘எவ்வளவு காலம், எவ்வளவு வெப்பத்தில்?’ என்றும் கேட்டு வாங்கும் பழக்கம் ஏற்பட வேண்டியுள்ளது.

வெப்பம் என்னும் பகை

எல்.இ.டி. விளக்கு குளிர்ச்சியானது என்னும் நம்பிக்கை பரவலாக உள்ளது. இது பாதி உண்மை. ஹாலஜன் விளக்கின் வெப்பத்தில் பெரும்பகுதி அகச்சிவப்புக் கதிராக வெளியேறிவிடும். எல்.இ.டி. தரும் ஒளியில் வெப்பம் மிகக் குறைவு. ஆனால் ஒளியாக மாறாத மின்சக்தி முழுவதும் அச்சிறு குறைகடத்திச் சில்லின் பின்புறத்தில் வெப்பமாகவே தங்குகிறது. அலுமினியத் தகட்டின் வழியாகச் சுற்றியுள்ள காற்றுக்கு அது கடத்தப்பட்டாக வேண்டும். திறந்த ஹோல்டரில் இது எளிது. கூரைத் துளைக்குள், காற்றோட்டமற்ற ஒரு கிண்ணத்தில் இது கடினம்.

தில்லியின் ஜூன் மாதத்தில் வெளிவெப்பம் 45 டிகிரி செல்சியசைத் தொடும் நாட்கள் உண்டு. மேல்தள வீட்டில், நாள் முழுவதும் வெயில் காய்ந்த காங்கிரீட் தளத்திற்கும் ஜிப்சம் பலகைக்கும் இடையில் அடைபட்ட காற்று, மாலையில் விளக்கு ஏற்றும் வேளையில் இன்னும் ஆறியிராது. அறையிலுள்ள குளிர்சாதனக் கருவியின் காற்றும் அங்கு எட்டுவதில்லை. விளக்கு அங்கிருந்தே தன் வேலையைத் தொடங்குகிறது.

முதலில் கெடுவது பெரும்பாலும் ஒளிதரும் சில்லு அன்று. மாறுதிசை மின்சாரத்தை விளக்குக்கு ஏற்றவாறு மாற்றித் தரும் ‘டிரைவர்’ என்னும் சிறு மின்சுற்றே கெடுகிறது. அதிலுள்ள மின்பகுளி மின்தேக்கி வெப்பத்திற்கு மிகவும் அஞ்சுவது. வெப்பநிலை 10 டிகிரி உயருந்தோறும் அதன் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகிறது என்பது பொறியாளர்களின் கைக்கணக்கு. பெட்டியின் மீது 25,000 மணி நேரம் என்று அச்சிட்டிருந்தால், நாளுக்கு நான்கு மணி வீதம் அது 17 ஆண்டுகளாகும். ஆனால் அது குறிப்பிட்ட வெப்பநிலையில் சோதித்துப் பெற்ற எண்ணிக்கை. கூரைக்குள் அதே எண்ணிக்கையை எதிர்பார்ப்பதற்கில்லை.

இதிலிருந்து பெறப்படும் நடைமுறை விதிகள் எளியவை. தேவைக்கு மிஞ்சிய வாட் உள்ள விளக்கைக் கூரைக்குள் அடைக்கக் கூடாது. ஒரே துளையில் 15 வாட் என்பதைவிட, இரண்டு துளைகளில் 7 வாட் வீதம் பொருத்துவது விளக்குக்கும் நல்லது, கண்ணுக்கும் நல்லது. ‘மூடிய விளக்குக்கூட்டில் பயன்படுத்தக் கூடாது’ என்று சில பெட்டிகளில் சிறிய எழுத்தில் எழுதப்பட்டிருக்கும். உட்கூரைக்கு அவ்வகையைத் தவிர்க்க வேண்டும். கையில் எடுத்துப் பார்த்தால், அலுமினிய உடல் கொண்ட விளக்கு கனமாக இருக்கும். இது அறிவியல் சோதனை அன்று எனினும், கடையில் செய்யக்கூடிய சோதனை இதுதான்.

துளைக்குள் இருப்பது என்ன?

கடைக்குப் போவதற்கு முன் ஏணியில் ஏற வேண்டும். மின்சாரத்தைச் சுவிட்சில் மட்டுமின்றி எம்.சி.பி.யிலும் துண்டித்துவிட்டு, ஒரு விளக்கைக் கழற்றிப் பார்ப்பது முதல் வேலை. நம் வீடுகளின் உட்கூரைகளில் பொதுவாக நான்கு வகை அமைப்புகள் காணப்படுகின்றன.

மிகப் பழையவற்றில், வட்டமான தகரக் கிண்ணத்திற்குள் நமக்கு நன்கு பழக்கமான இரட்டை ஊசி ஹோல்டரோ, திருகு ஹோல்டரோ இருக்கும். பல இடங்களில் பல்புகள் படுத்த நிலையில் மாட்டப்பட்டிருக்கும். சி.எஃப்.எல். தன்னைச் சுற்றி எல்லாத் திசையிலும் ஒளி வீசியதால் இது பொருந்தியது. எல்.இ.டி. பல்போ தன் தலைப்பக்கமாகவே அதிக ஒளியைத் தருகிறது. படுத்த நிலையில் மாட்டினால் ஒளியின் பெரும்பகுதி கிண்ணத்தின் எதிர்ச்சுவரில் மோதி வீணாகும். ‘ஒன்பது வாட் போட்டும் வெளிச்சம் போதவில்லை’ என்ற குறை இங்கிருந்தே எழுகிறது. உடனே 14 வாட் பல்பு வாங்கப்படுகிறது. வெப்பம் ஏறி அது சீக்கிரம் கெடுகிறது. இவ்வமைப்பில் கிண்ணத்தையே எடுத்துவிட்டுப் புதிய டவுன்லைட் பொருத்துவதே சிக்கனம்.

இரண்டாவது, சோக்குடன் இயங்கும் ஊசிவகை சி.எஃப்.எல். விளக்குகள். இவற்றில் இரண்டு ஊசிகள் இருந்தால் சோக் பொதுவாகச் சுருள்கம்பி வகை, நான்கு ஊசிகள் இருந்தால் மின்னணு வகை. இவற்றுக்கான எல்.இ.டி. மாற்று விளக்குகளில் சில சோக்குடன் சேர்ந்து வேலை செய்யும். மற்றவை சோக்கை நீக்கி நேரடி இணைப்பு கொடுத்த பிறகே வேலை செய்யும். இவ்வேறுபாட்டை அறியாமல் மாட்டுவது விளக்குக்கும் ஆபத்து, வீட்டுக்கும் ஆபத்து. நேரடி இணைப்பைத் தேர்ந்தெடுத்தால் சோக் விழுங்கும் மின்சாரமும் மிச்சமாகும். ஆனால் அவ்வேலையை உரிமம் பெற்ற மின்பணியாளரே செய்ய வேண்டும்.

மூன்றாவது, இக்கட்டுரையாளரை ஏமாற்றிய ஹாலஜன் வகை. சுமார் 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள இச்சிறு விளக்குகளில் இரு இனங்கள் உண்டு. மெல்லிய இரண்டு கம்பி ஊசிகள் உள்ளவை 12 வோல்ட் மின்சாரத்தில் இயங்குபவை. நுனி தடித்த இரண்டு கால்கள் உள்ளவை, அதாவது ஜி.யு. 10 எனப்படுபவை, நேரடியாக 230 வோல்ட்டில் இயங்குபவை. முன்னதற்குக் கூரைக்குள் ஒரு மின்னணு மின்மாற்றி இருக்கும். ஹாலஜனுக்காகச் செய்யப்பட்ட அம்மின்மாற்றிக்குக் குறைந்த அளவுச் சுமை ஒன்று தேவை. பலவற்றில் அது 20 வாட் அல்லது அதற்கு மேல். 6 வாட் விளக்கை மட்டும் மாட்டினால் அது நிலையாக இயங்காமல் விட்டுவிட்டு மின்சாரம் தருகிறது. விளக்கு சிமிட்டுவதன் காரணம் இதுவே. அந்நிலை டிரைவரையும் அலைக்கழிக்கிறது. பழைய மின்மாற்றியை எடுத்துவிட்டு எல்.இ.டி.க்கு உரியதை வைப்பது ஒரு வழி. ஹோல்டரையே 230 வோல்ட் வகைக்கு மாற்றிவிடுவது மற்றொரு வழி.

அவ்வீட்டின் கூரையைப் பின்னர் மின்பணியாளர் திறந்து பார்த்தபோது, ஹோல்டர்களை ஒட்டிய கம்பிகளின் மேலுறை கறுத்து, விரலால் தொட்டதும் உதிர்ந்தது. இவ்வகை ஹாலஜன் விளக்குகளில் பல, கண்ணாடிப் பிரதிபலிப்பான் வழியாக வெப்பத்தைப் பின்புறம் அனுப்புமாறு அமைந்தவை. ஆண்டுக்கணக்கில் அந்த வெப்பம் கம்பிகளை வாட்டியிருக்கிறது. விளக்கு அணைந்திராவிட்டால் அக்கூரையை எவரும் திறந்திருக்க மாட்டார்கள். ஹாலஜனை நீக்கும் குடும்பங்கள், விளக்கோடு ஹோல்டரையும் சில அங்குலக் கம்பியையும் மாற்றிவிட வேண்டும் என்று வலியுறுத்துவது இதனாலேயே. அதற்கு ஆகும் செலவு ஒரு விளக்கின் விலையைத் தாண்டாது.

நான்காவது, பல்பு என்று தனியே ஒன்று இல்லாத முழு எல்.இ.டி. டவுன்லைட். இன்றைய கடைகளில் பெரும்பாலும் கிடைப்பது இதுவே. இது கெட்டால் முழுவதையும் எறிந்துவிடுகிறார்கள். ஆனால் டிரைவர் ஒரு சிறிய பெட்டியாகத் தனியே இணைக்கப்பட்டிருந்தால், அதை மட்டும் மாற்றுவது சாத்தியம். பழைய டிரைவரின் மீது அச்சிட்டுள்ள வெளியீட்டு மின்னோட்டம், எடுத்துக்காட்டாக 300 மில்லி ஆம்பியர், புதியதிலும் அதே அளவாக இருக்க வேண்டும். மின்னழுத்த வீச்சும் பொருந்த வேண்டும். வாட் மட்டும் பொருந்தினால் போதாது. முழு விளக்கையே மாற்றுவதாயின் துளையின் விட்டத்தை அளந்துகொண்டு செல்ல வேண்டும். விளிம்பின் விட்டத்தை அளந்து சென்று திரும்பி வந்தவர்கள் பலர்.

பெட்டியின் மீது படிக்க வேண்டியவை

வாட் என்பது செலவின் அளவு, லூமென் என்பதே வெளிச்சத்தின் அளவு. வாட்டால் லூமெனை வகுத்தால் கிடைப்பதே விளக்கின் திறன். எரிசக்தித் திறன் செயலகத்தின் நட்சத்திரக் குறியீடு எல்.இ.டி. பல்புகளுக்கு இத்திறனை அடிப்படையாகக் கொண்டே வழங்கப்படுகிறது. எனவே ஐந்து நட்சத்திரம் சிக்கனத்திற்குச் சான்று. கூரைக்குள் எத்தனை ஆண்டு எரியும் என்பதற்கு அது சான்றன்று. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 16102 தரம் பல்புகளின் பாதுகாப்பையும் செயல்திறனையும் பற்றியது. அவ்வமைவனத்தின் குறியும், ‘ஆர்’ என்னும் ஆங்கில எழுத்துடன் தொடங்கும் பதிவு எண்ணும் இல்லாத பல்பை எவ்வளவு மலிவாயினும் வாங்கலாகாது.

ஒளியின் நிறம் கெல்வின் அளவில் குறிக்கப்படும். 2,700 முதல் 3,000 வரை மஞ்சள் சாயல், 4,000 நடுத்தரம், 6,500 நீலம் கலந்த வெண்மை. நம் மக்கள் 6,500-ஐ ‘நல்ல வெளிச்சம்’ எனக் கருதி வாங்குகின்றனர். தாழ்ந்த உட்கூரையிலிருந்து அது நேரே கண்ணில் பாயும்போது முதியோருக்குக் கூச்சம் தருகிறது. படுக்கையறைக்கு 3,000 போதும். நிறங்களை உள்ளபடி காட்டும் திறனுக்கான குறியீடு 80-க்குக் குறையாமல் இருக்க வேண்டும். சமையலறையிலும் துணி அலமாரியின் முன்பும் இது முக்கியம். ஒளி விரியும் கோணத்தையும் கவனிக்க வேண்டும். 36 பாகைக் கோணமுள்ள விளக்கு, படத்திற்கும் பூஜை மாடத்திற்கும் உரியது. அறை முழுவதற்கும் 100 பாகை அல்லது அதற்கு மேல் வேண்டும். விளக்கின் சிமிட்டலைக் கடையிலேயே அறியலாம். கைப்பேசியின் படக்கருவியை எரியும் விளக்கின் முன் பிடித்தால், மோசமான டிரைவர் உள்ள விளக்கில் திரையில் கருங்கோடுகள் ஓடுவதைக் காணலாம்.

மின்திறன் காரணி பற்றியும் ஒரு சொல். 9 வாட் விளக்கின் மின்திறன் காரணி 0.5 மட்டுமே எனில், அது மின்கம்பியிலிருந்து 18 வோல்ட்-ஆம்பியர் இழுக்கிறது. வீட்டு மீட்டர் 9 வாட்டுக்கே கணக்கிடுவதால் நுகர்வோர் இதை உணர்வதில்லை. கூடுதல் மின்னோட்டத்தைச் சுமந்து இழப்பைத் தாங்குவது மின்வாரியமே. தனி மனிதரின் செலவும் சமூகத்தின் செலவும் வேறுபடுவதற்குப் பொருளாதார மாணவர்கள் பாடநூலில் தேடும் எடுத்துக்காட்டு அவர்களது தலைக்கு மேலேயே எரிந்துகொண்டிருக்கிறது.

உத்தரவாதம் ஏன் விலை பெறுகிறது?

1970-ல் ஜார்ஜ் அகர்லோஃப் என்னும் பொருளாதார அறிஞர், பழைய கார்ச் சந்தையை எடுத்துக்காட்டாக வைத்து ஓர் ஆய்வுரை வெளியிட்டார். பொருளின் தரம் விற்பவருக்குத் தெரிந்து, வாங்குபவருக்குத் தெரியாத சந்தையில், மட்டமான பொருள் நல்ல பொருளை வெளியேற்றிவிடும் என்பது அதன் சாரம். 2001-ல் அவர் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். எல்.இ.டி. விளக்கின் ஆயுள் இத்தகைய மறைந்த தரமே. திறனை மீட்டரில் காணலாம், நிறத்தைக் கண்ணால் காணலாம். ஆயுளைக் காண ஆண்டுகள் ஆகும். அதற்குள் கடைக்காரர் வேறு நிறுவனத்தின் சரக்கை விற்றுக்கொண்டிருப்பார்.

இக்குறையை ஓரளவு ஈடு செய்வது உத்தரவாதம். உஜாலா பல்புகளுக்கு மூன்று ஆண்டு இலவச மாற்று உறுதி அளிக்கப்பட்டது மக்களிடையே நம்பிக்கையை வளர்த்தது. கூரைக்குள் பதிக்கும் விளக்குக்கும் இரண்டு ஆண்டுக்குக் குறையாத உத்தரவாதம் கேட்டுப் பெற வேண்டும். ரசீதைப் பாதுகாக்க வேண்டும். வாங்கிய தேதியை விளக்கின் பின்புறம் மையால் எழுதி வைப்பது நல்ல பழக்கம். அணைந்த விளக்கை மாற்றித் தருமாறு உண்மையில் கேட்பவர்கள் பெருகினால்தான் மட்டமான டிரைவர் வைப்பது தயாரிப்பாளருக்கு நட்டமாகும். இக்கட்டுரையாளர் தம் நான்கு விளக்குகளுக்கும் ரசீதைத் தொலைத்துவிட்டிருந்தார்.

2020-ல் அவ்வரவேற்பறையில் ஹோல்டர்களும் கம்பி முனைகளும் மாற்றப்பட்டு, 230 வோல்ட்டில் இயங்கும் 5 வாட் விளக்குகள் ஆறு பொருத்தப்பட்டன. செலவு முன்னதைவிடக் கணிசமாக அதிகம். ஆறும் இன்று எரிகின்றன.

கழற்றிய பழைய சி.எஃப்.எல். விளக்குகளில் பாதரசம் உள்ளது. மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள், 2016, பாதரசம் கொண்ட விளக்குகளைத் தம் வரம்புக்குள் கொண்டுவந்தன. 2023 ஏப்ரல் முதல் 2022-ஆம் ஆண்டின் புதிய விதிகள் நடைமுறையில் உள்ளன. உடைக்காமல், அட்டைப் பெட்டியில் வைத்து, மின்னணுக் கழிவு சேகரிப்போரிடம் ஒப்படைக்க வேண்டும். குப்பைத் தொட்டியில் போடும் விளக்கு, அதைக் கையால் பிரித்தெடுக்கும் தொழிலாளியின் முகத்துக்கு நேரே உடைகிறது.